இன்டேக் ரன்னர்களைத் திருத்துதல்: மாருதியின் ஜி13பிபி இன்ஜினை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

காற்று போகும் வழியைப் பெரிதாக்கினால் இன்ஜினின் பவர் கூடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பாதிதான் உண்மை. காற்று எவ்வளவு போகிறது என்பதோடு எந்த வேகத்தில் போகிறது என்பதும் சிலிண்டர் நிரம்புவதைத் தீர்மானிக்கிறது. வழியை அகலப்படுத்த அகலப்படுத்த அந்த வேகம் குறைகிறது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில் கை வைக்கும் பலர், அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகச் செல்லும் குழாயான ரன்னரின் விட்டத்தைக் கூட்டுவதையே முதல் வேலையாக எடுத்துக்கொள்கிறார்கள். என் கணிப்பில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பல மேனிஃபோல்டுகளில் செய்யவே வேண்டாத வேலை. வார்ப்பில் விட்டுப்போன பிசிறுகளை அகற்றுவது, மேனிஃபோல்டும், சிலிண்டர்களை மேலே மூடி வால்வுகளைத் தாங்கும் ஹெட்டும் சேரும் இடத்தில் உள்ள படியை நீக்குவது, நான்கு ரன்னர்களையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவருவது ஆகிய மூன்றும்தான் உழைப்புக்கு ஏற்ற பலனைத் தருகின்றன.

இந்த வழிகாட்டிக்கு மாருதி எஸ்டீமிலும், பிற்கால ஜிப்சி கிங்கிலும் வந்த ஜி13பிபி என்ற 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் மூலம் பெட்ரோல் தெளிக்கும்) இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். 1298 சி.சி., 74 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 75.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), அலுமினிய ஹெட், அலுமினிய மேனிஃபோல்டு என்று வேலை பழகுவதற்கு ஏற்ற இன்ஜின் இது. உதிரிபாகக் கடைகளில் பழைய மேனிஃபோல்டு கிடைக்க வாய்ப்புண்டு என்பதால், ஓடும் வண்டியின் மேனிஃபோல்டை அப்படியே வைத்துவிட்டு இன்னொன்றில் வேலை செய்யலாம். எஸ்டீமில் இன்ஜின் குறுக்காகவும் ஜிப்சியில் நீளவாக்கிலும் அமர்ந்திருப்பதால் இரண்டின் மேனிஃபோல்டும் ஒன்றல்ல என்பதை வாங்கும்போது நினைவில் வைக்க வேண்டும். இங்கே சொல்லப்படும் முறை, அலுமினிய மேனிஃபோல்டு உள்ள மற்ற பெட்ரோல் இன்ஜின்களுக்கும் பொருந்தும். பிளாஸ்டிக் மேனிஃபோல்டுகளுக்குப் பொருந்தாது. அவற்றின் உட்புறம் ஏற்கெனவே வழவழப்பானது, வெட்டவும் இடமில்லை.

முதலில் ஒரு கணக்கு

6000 ஆர்.பி.எம்.மில் இந்த இன்ஜினின் பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 15.1 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. ரன்னரின் உள்விட்டம் 30 மி.மீ. என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் மேனிஃபோல்டின் அளவை நீங்களே எடுக்க வேண்டும். பிஸ்டனின் பரப்பு ரன்னரின் பரப்பைப் போல ஆறு மடங்குக்குச் சற்று அதிகமாக இருப்பதால், உறிஞ்சும் ஸ்ட்ரோக்கின்போது ரன்னரில் காற்றின் சராசரி வேகம் வினாடிக்கு சுமார் 92 மீட்டர் ஆகிறது. சுற்றிலும் 1 மி.மீ. சுரண்டி விட்டத்தை 32 மி.மீ. ஆக்கினால் பரப்பு சுமார் 14 சதவீதம் கூடி, வேகம் 81 மீட்டராகக் குறைகிறது. 34 மி.மீ. ஆக்கினால் 72 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

உச்ச ஆர்.பி.எம்.மில் இந்த வேகக் குறைவு உராய்வு இழப்பைக் குறைக்கும் என்பதால் நன்மைதான். ஆனால் ஊருக்குள் வண்டி ஓடும் 2500 ஆர்.பி.எம்.மில் 30 மி.மீ. ரன்னரில் இருந்த 38 மீட்டர் வேகம், 34 மி.மீ. ரன்னரில் 30 மீட்டராகிவிடுகிறது. வேகமாக வரும் காற்றுத் தம்பத்துக்கு உந்தம் இருக்கிறது. பிஸ்டன் அடிப்புள்ளியைத் தாண்டி மேலேறத் தொடங்கிய பிறகும், இன்டேக் வால்வு மூடும்வரை அந்த உந்தமே கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. வேகம் போனால் அந்தத் தள்ளலும் போகும். அகன்ற வாய்க்காலில் நீர் மெதுவாகி வண்டல் படிவதுபோல், மெதுவான காற்றில் பெட்ரோல் துளிகளும் சுவரில் படிகின்றன. கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை போய்விட்டது என்று போர்ட்டிங் (காற்று வழியைச் சுரண்டித் திருத்தும் வேலை) செய்த வண்டிக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ரன்னரின் நீளமும் இந்தக் கணக்கில் சேரும். 1960இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் 300எஃப் காரில் 30 அங்குல நீள ரன்னர்களை வைத்து, நடுத்தர வேகத்தில் டார்க்கை (சுழற்று விசையை) கூட்டியது. அதே காரின் அதிவேக வடிவத்தில், வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரியான மேனிஃபோல்டின் உட்சுவர்களை மட்டும் குறுக்கி, செயல்படும் நீளத்தை 15 அங்குலமாக்கினார்கள். பவர் 375இலிருந்து 400 குதிரைத்திறனுக்கு ஏறியது, டார்க்கின் உச்சம் மேல் ஆர்.பி.எம்.முக்கு நகர்ந்தது. வெளியே தெரியாத உள்வடிவ மாற்றம் ஒன்று இன்ஜினின் குணத்தையே மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

தடை எங்கே இருக்கிறது

மேனிஃபோல்டைக் கழற்றுவதற்கு முன், தடை அங்கேதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கேனர் ஒன்றை இணைத்து, மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் அளவை இரண்டு நிலைகளில் குறித்துக்கொள்ளுங்கள். சாவியை மட்டும் திருப்பி இன்ஜினை ஓடவிடாத நிலையில் அது காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தம்; சென்னையில் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல், 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் ஏறத்தாழ 77. அடுத்து, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பவரை அளக்கும் டைனோவிலோ மூடிய பந்தயத் தடத்திலோ ஆக்சிலரேட்டரை முழுமையாக மிதித்து உச்ச ஆர்.பி.எம்.மில் வாசிக்க வேண்டும்.

இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் தடை ஏர் ஃபில்டரிலோ, அதன் குழாயிலோ, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியிலோ இருக்கிறது. ரன்னரைச் சுரண்டிப் பயனில்லை. வித்தியாசம் ஓரிரு கிலோபாஸ்கல் மட்டுமே என்றால் காற்று பிளீனம் (ரன்னர்கள் தொடங்கும் பொது அறை) வரை தடையின்றி வருகிறது என்று பொருள். அதற்குப் பிறகுள்ள ரன்னர், ஹெட்டின் போர்ட் (ஹெட்டுக்குள் வால்வு வரை செல்லும் வழி), வால்வு சீட் (வால்வு அமரும் வளையம்) ஆகியவற்றில்தான் இழப்பு நடக்கிறது. அந்த மூன்றிலும் வால்வு சீட்டை ஒட்டிய பகுதியே பொதுவாக மிகப்பெரிய தடை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹெட்டைத் தொடாமல் ரன்னரை மட்டும் திருத்தினால் கிடைக்கும் பவர் சிறிதாகவே இருக்கும். நான்கு சிலிண்டர்களும் சமமாக மூச்சு வாங்குவதும், ஆக்சிலரேட்டருக்கு இன்ஜின் பதில் சொல்லும் விதம் சீராவதும்தான் முதலில் உணரக்கூடிய மாற்றங்கள்.

கருவிகள்

6 மி.மீ. கோலெட் (தண்டைப் பிடிக்கும் வாய்) கொண்ட டை கிரைண்டர் தேவை. மின்சார டை கிரைண்டர் வாங்கும்போது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ளதைத்தான் வாங்க வேண்டும். கம்ப்ரெஸர் இருக்கும் பட்டறையில் காற்றில் ஓடும் கிரைண்டர் இன்னும் வசதியானது. எடை குறைவு, கை சூடாகாது.

கிரைண்டரில் மாட்டி வெட்டும் பல்முனையான கார்பைடு பர் வாங்கும்போது அலுமினியத்துக்கான அகலப் பல் பர் என்று கேட்டு வாங்குங்கள். இரும்புக்கான குறுக்குப் பல் பர், அலுமினியத்தில் அரை நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். உருளையாகவும் முனை உருண்டையாகவும் உள்ளது ஒன்று, முட்டை வடிவத்தில் ஒன்று, 150 மி.மீ. நீளத் தண்டு கொண்டது ஒன்று என மூன்று போதும். சாணைக்கல் வேண்டாம், அலுமினியம் அதன் துளைகளை அடைத்துவிடும். இவற்றோடு 60, 80 எண் எமரி ரோல்கள், எமரித் துணியைச் செருகிச் சுற்றுவதற்கு நுனியில் பிளவு போட்ட 6 மி.மீ. கம்பி, வெர்னியர், உள்விட்டம் அளக்கும் டெலஸ்கோப்பிக் கேஜ், கூர்முனைக் கீறுகோல், நீலக் குறியிடும் மை, 100 மி.லி. சிரிஞ்சு ஆகியவை வேண்டும். நீல மை கிடைக்காவிட்டால் தடித்த மார்க்கர் பேனாவே போதும்.

கண்ணாடி, மாஸ்க், காது அடைப்பான் மூன்றும் கட்டாயம். அலுமினியத் தூள் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால், அதே மேசையில் இரும்பை கிரைண்ட் செய்து பொறி பறக்கவிடக் கூடாது. சுழலும் கருவியை இயக்கும்போது துணிக் கையுறை போடவும் கூடாது. நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

கழற்றுதல்

இன்ஜின் குளிர்ந்த நிலையில், ஃப்யூயல் பம்ப் ரிலேயை எடுத்துவிட்டு இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, மேலும் சில வினாடிகள் ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெட்ரோல் லைனில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். ஜி13 குடும்பத்தில் கூலன்ட் ஓடும் வழி மேனிஃபோல்டின் வழியாகவும் செல்கிறது. ஆகவே ரேடியேட்டரைக் காலி செய்யாமல் மேனிஃபோல்டை இழுத்தால் கூலன்ட் இன்டேக் போர்ட்டுக்குள் ஊற்றும். வேக்கம் குழாய்களையும் வயரிங் சாக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றும்போதே மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி இரு முனையிலும் ஒட்டுங்கள். கைபேசியில் எடுத்த படம் மட்டும் போதாது, அதில் ஒரு குழாயின் பின்னால் இன்னொன்று மறைந்திருக்கும்.

மேனிஃபோல்டு வெளியே வந்ததும் ஹெட்டின் நான்கு போர்ட்டுகளையும் சுத்தமான துணியால் அடைத்து, மேலே டேப் ஒட்டுங்கள். மேனிஃபோல்டிலிருந்து த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர் ரெயில், சென்சார்கள், தெர்மோஸ்டாட், ரப்பர் பாகங்கள் அனைத்தையும் அகற்றிவிட்டு, கார்பன் போகும்வரை கழுவிக் காயவைத்த பிறகே அளவெடுக்கத் தொடங்க வேண்டும்.

அளவெடுத்தலும் குறித்தலும்

வேலையின் தரத்தை இந்தக் கட்டமே தீர்மானிக்கிறது. வெட்டுவதற்கு ஆகும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

மேனிஃபோல்டு போல்ட்டின் விட்டம் 8 மி.மீ. என்றால் அதன் துளை அதைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் மேனிஃபோல்டு அந்த இடைவெளி அளவுக்கு மேலோ கீழோ, வலமோ இடமோ நகர்ந்து உட்கார முடியும். போர்ட்டும் ரன்னரும் கால் மி.மீ. துல்லியத்தில் பொருந்த வேண்டும் என்று பாடுபட்டுவிட்டு, அரை மி.மீ. நகர்ந்து உட்காரும் மேனிஃபோல்டை மாட்டுவதில் அர்த்தமில்லை. ஆகவே இரு ஓரங்களிலும் உள்ள ஸ்டட்டுகளின் மேல் மெல்லிய ஸ்லீவ் மாட்டியோ, லேத் பட்டறையில் இரண்டு டவல் பின் (இடத்தை நிலைநிறுத்தும் முளை) பொருத்தியோ, மேனிஃபோல்டு ஒரே இடத்தில் மட்டும் உட்காரும்படி முதலில் செய்துகொள்ள வேண்டும். இந்தச் சிறு வேலையைப் பெரும்பாலோர் தவிர்த்துவிடுகிறார்கள்.

அடுத்து வார்ப்புரு. பழைய எக்ஸ்ரே பிலிம் இதற்கு மிகப் பொருத்தமானது; மெல்லியது, நீளாது, கத்திரிக்கு எளிதாக வரும். டவல் பின்களில் பொருந்தும்படி துளையிட்ட பிலிமை ஹெட்டின் முகத்தில் வைத்து, நான்கு போர்ட்டுகளின் விளிம்பையும் விரலால் அழுத்தித் தடம் எடுத்து, கூரிய கத்தியால் வெட்டி எடுங்கள். பிலிமைக் கண்ணாடி பார்ப்பதுபோல் திருப்பாமல், ஹெட்டை நோக்கிய முகம் எது என்று எழுதிவையுங்கள். பிறகு அதே பிலிமை மேனிஃபோல்டின் முகத்தில், அதே துளைகளில் பொருத்தி, நீல மை பூசிய பரப்பில் கீறுகோலால் விளிம்பைக் கீறுங்கள். இப்போது ஒவ்வொரு ரன்னரும் எந்தப் பக்கத்தில் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். மணல் வார்ப்பில் உட்கரு சற்று நகர்ந்திருப்பது சாதாரணம் என்பதால், நான்கும் நான்கு விதமாக விலகியிருந்தால் வியப்படைய வேண்டாம்.

ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட்டை வைத்து அதன் துளைக்கு ஏற்ப இருபுறமும் விரிப்பது பரவலாக உள்ள பழக்கம். அதை நான் பரிந்துரைக்கவில்லை. கேஸ்கெட்டின் துளை இரு போர்ட்டுகளையும் விடப் பெரிதாக இருக்கவே வடிவமைக்கப்படுகிறது. அதன் அளவுக்கு விரித்தால், சீரான குழாயின் நடுவில் ஒரு வீக்கம் உருவாகி, காற்று அங்கே வேகம் குறைந்து, உடனே மறுபடியும் குறுகிய வழிக்குள் நுழைய வேண்டிவரும். ஹெட்டின் போர்ட்டே அளவுகோல். மேனிஃபோல்டின் வாய் அதே அளவில், அல்லது சுற்றிலும் கால் முதல் அரை மி.மீ. வரை சிறியதாக இருக்கலாம். சிறியதிலிருந்து பெரியதற்குக் காற்று இறங்குவது அதிக இழப்பைத் தராது. பெரியதிலிருந்து சிறியதன் விளிம்பில் மோதுவதுதான் கேடு. 30 மி.மீ. வழியில் சுற்றிலும் 1 மி.மீ. உதடு நீட்டிக்கொண்டிருந்தால் அதன் பரப்பு 87 சதவீதமாகச் சுருங்குகிறது. கூரான விளிம்பில் காற்று மேலும் உள்நோக்கி ஒதுங்குவதால் உண்மையில் பயன்படும் பரப்பு அதற்கும் குறைவு. கேஸ்கெட்டின் விளிம்பு எங்காவது உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் கேஸ்கெட்டைத்தான் வெட்ட வேண்டும்.

கடைசியாகச் சுவரின் தடிமன். வெளியிலிருந்து பார்த்து ரன்னரின் சுவர் எங்கே மெல்லியது, எங்கே போல்ட் மேடும் கூலன்ட் வழியும் அருகில் வருகின்றன என்று மார்க்கரால் குறியுங்கள். வெளிக்காலிபரால் எட்டும் இடங்களில் அளந்து, வெட்டிய பிறகு எங்கும் 2.5 மி.மீ.க்குக் குறையாமல் சுவர் இருக்கும்படி திட்டமிடுங்கள். கூலன்ட் வழியை ஒட்டிய சுவரைத் தொடவே வேண்டாம்.

வெட்டுதல்

மேனிஃபோல்டை வைஸில் நேரடியாக இறுக்காமல், மரக்கட்டைகளுக்கு நடுவே பிடியுங்கள். ஹெட்டோடு சேரும் தட்டையான விளிம்பான ஃப்ளேஞ்சின் முகத்தில் இரண்டு அடுக்கு டேப் ஒட்டி, ரன்னரின் வாயை மட்டும் திறந்துவிட்டால், பர் ஒருமுறை வழுக்கினாலும் கேஸ்கெட் அமரும் பரப்பில் கீறல் விழாது.

வெட்டு சரியாக நடக்கும்போது அலுமினியம் ஊசி ஊசியாகத் தெறிக்கும். கருவியின் ஓசை ஒரே சுருதியில் இருக்கும். ஊசி நின்று, பரப்பில் வெள்ளி பூசியதுபோல் பளபளப்பு தெரிந்தால், பல்லில் அலுமினியம் அடைத்துவிட்டது. உடனே நிறுத்தி, பித்தளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, சுழலும் பர்ரில் மெழுகுவர்த்தியை லேசாகத் தொட்டுவிட்டுத் தொடருங்கள். மண்ணெண்ணெய் தடவுவோர் உண்டு. பிரஷ் மோட்டாரின் பொறிக்குப் பக்கத்தில் அது தேவையற்ற ஆபத்து, மெழுகு போதும். பர்ரை எப்போதும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் ஒரு வினாடி நின்றாலும் குழி விழும். குழியைச் சமன்படுத்த அதைச் சுற்றியுள்ள நல்ல உலோகத்தை எல்லாம் எடுக்க வேண்டிவரும். நீளத் தண்டு பர்ரை முழு வேகத்தில் காற்றில் சுழற்றவே கூடாது, தண்டு வளைந்து முறியும். வாய்க்குள் நுழைத்து, சுவரில் தொடவிட்ட பிறகே மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ரன்னரின் நீளவாக்கில் ஓடும் அச்சுப் பிரிவுக் கோட்டையும், வார்ப்பில் தங்கிய மணற்குமிழ்களையும், திருகு மேடுகளின் கூர்மையையும் மட்டும் எடுங்கள். இத்துடன் நிறுத்தினால்கூட வேலையின் பயனில் கணிசமான பகுதி கைக்கு வந்துவிடும்.

அடுத்து ஹெட்டுடன் சேரும் வாய். கீறிய கோட்டைத் தொடாமல், கோட்டுக்கு உட்புறம் ஒரு மயிரிழை உலோகம் நிற்கும்வரை பர்ரால் வெட்டி, மீதியை எமரி ரோலுக்கு விடுங்கள். வாயில் மட்டும் விரித்து நிறுத்தினால் புனல் போன்ற சரிவு உருவாகும். எவ்வளவு எடுத்தீர்களோ அதை ரன்னருக்குள் குறைந்தது 25 முதல் 40 மி.மீ. ஆழம் வரை படிப்படியாகக் கலந்துவிட வேண்டும். பிளீனத்திலிருந்து ஹெட்டை நோக்கி ரன்னர் மிக மெல்லிய கூம்பாகக் குறுகிக்கொண்டே வருவது நல்லது. எந்த இடத்திலும் மறுபடி விரியக் கூடாது.

வளைவுகள்தான் அனுபவத்தைக் கேட்பவை. வளைவின் உட்புறத்தில் காற்று விரைந்து திரும்ப முடியாமல் சுவரை விட்டுப் பிரிகிறது. பிரிந்த இடத்துக்குப் பின்னால் சுழல் உண்டாகி வழியை அடைக்கிறது. ஆகவே உள்வளைவில் ஆழமாக வெட்டி வளைவைக் கூர்மையாக்குவது நேர்மாறான பலனைத் தரும். அங்கே கூர் விளிம்பு இருந்தால் அதை உருட்டி மழுக்குவதோடு நின்றுவிடுங்கள். உண்மையிலேயே பரப்பு வேண்டும் என்றால் வெளிவளைவிலும், பக்கச் சுவர்களிலும் எடுங்கள். ரன்னரின் அடிப்பகுதியைத் தாழ்த்துவதைவிட மேற்பகுதியை உயர்த்துவது காற்று வால்வை நோக்கி நேராக இறங்க உதவும்.

பிளீனத்தின் பக்கத்தில் ரன்னர் தொடங்கும் வாய் பல மேனிஃபோல்டுகளில் வெட்டிவைத்ததுபோல் கூராக இருக்கும். அந்த விளிம்பை மணியின் வாயைப்போல் சுற்றிலும் 5, 6 மி.மீ. ஆரத்துக்கு உருட்டுங்கள். கருவி எட்டினால் மிகச் சுலபமான வேலை இது; கூர் விளிம்பில் நுழையும் காற்று சுருங்கி இழக்கும் அளவை எண்ணிப் பார்த்தால் இதைவிட லாபகரமான வெட்டு வேறு இல்லை.

இன்ஜெக்டர் துளையைச் சுற்றியுள்ள மேடு ரன்னருக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், அதன் காற்று வரும் பக்கத்தை மட்டும் சாய்வாக்கலாம். ஓ-ரிங் அமரும் பரப்பையும், இன்ஜெக்டரின் நுனி பார்க்கும் கோணத்தையும் தொட்டால் பெட்ரோல் வால்வின் மேல் விழாமல் சுவரில் விழும். வேக்கம் குழாய்த் துளைகளின் வாயையும் பெரிதாக்க வேண்டாம்.

சுவரில் ஓட்டை விழுந்துவிட்டால் எபாக்ஸி பசையால் அடைத்து மாட்ட வேண்டாம். வெப்பமும் பெட்ரோலும் பட்டு அது ஒருநாள் பெயர்ந்தால் நேராகச் சிலிண்டருக்குள்தான் போகும். ஆர்கான் வெல்டிங் வைத்து, பிறகு ஃப்ளேஞ்சைச் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்வதே முறை.

கை எட்டாத நடுப்பகுதி

வளைந்த நீண்ட ரன்னரின் நடுப்பகுதியை எந்த முனையிலிருந்தும் பர்ரால் தொட முடியாது. நெகிழ் தண்டில் எமரி ரோலை மாட்டி ஓரளவு வழவழப்பாக்கலாம். விட்டத்தைக் கூட்ட முடியாது. மேனிஃபோல்டை இரண்டாக அறுத்து, உள்ளே வேலை செய்து, மறுபடி வெல்டிங் வைப்பவர்கள் உண்டு. வெல்டிங் வெப்பத்தில் ஃப்ளேஞ்ச் கோணும் என்பதால் பந்தயத்துக்கு மட்டுமே அந்தச் சிரமத்தை ஏற்கலாம்.

தொழிற்சாலைகளில் இதற்கென ஒரு முறை உண்டு. சாணைத் துகள் கலந்த பிசின் போன்ற கெட்டிப் பசையை அதிக அழுத்தத்தில் ரன்னருக்குள் முன்னும் பின்னும் தள்ளுவார்கள். வழி எங்கே குறுகலோ அங்கே பசை அதிகமாக உரசும். 1998இல் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் விற்ற எஸ்.வி.டி. கான்டூர் காரின் 2.5 லிட்டர் இன்ஜினுக்கு மேனிஃபோல்டை இப்படித்தான் மெருகேற்றியது. வீட்டுப் பட்டறைக்கு இது எட்டாது. எட்டாத நடுப்பகுதியை அப்படியே விட்டுவிட்டு, எட்டும் இரு முனைகளையும் நன்றாகச் செய்வதில் தவறில்லை. முனைகளை மட்டும் விரித்துவிட்டு நடுவைக் குறுகலாக விடுவதுதான் தவறு. ரன்னரின் மிகக் குறுகிய இடம் எதுவோ அதற்கு மேல் மற்ற இடங்களை விரிப்பது வீண்.

மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பாக வேண்டும்

முகம் தெரியும்படி மெருகேற்றிய இன்டேக் போர்ட்டின் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். எக்ஸாஸ்ட் பக்கத்தில் கார்பன் ஒட்டாமல் இருக்க மெருகு உதவும். இன்டேக்கில் அப்படியல்ல. பெட்ரோல் படும் சுவர் மிக வழவழப்பாக இருந்தால், சுவரில் படிந்த பெட்ரோல் படலமாகவே ஒழுகும். சற்றுச் சொரசொரப்பான பரப்பு அந்தப் படலத்தைக் கலைத்து மீண்டும் காற்றோடு சேர்க்க உதவுகிறது. எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினில் இன்ஜெக்டருக்குப் பிந்திய பகுதி மட்டுமே நனைகிறது; அங்கே 60 எண் எமரி விட்டுச்சென்ற கோடுகளோடு நிறுத்துங்கள். இன்ஜெக்டருக்கு முந்திய உலர்ந்த பகுதியில் 80 எண் போதும். கார்புரேட்டர் வண்டியில் ரன்னர் முழுவதும் நனைவதால் எல்லா இடத்திலும் 60 எண்ணே சரி. விரல் நுனியை உள்ளே நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அலையும் மேடும் விரலுக்குத் தெரியும்.

நான்கையும் ஒப்பிடுதல்

ரன்னரின் கீழ்வாயைக் கிரீஸ் தடவிய அக்ரிலிக் தகட்டால் மூடி, இன்ஜெக்டர் துளையையும் வேக்கம் துளைகளையும் களிமண்ணால் அடைத்து, மேல்வாய் வரை சிரிஞ்சால் தண்ணீர் நிரப்பி அளவைக் குறியுங்கள். ஒரே நீளமுள்ள ரன்னர்கள் என்றால் நான்கின் கொள்ளளவும் ஒன்றிரண்டு மி.லி.க்குள் ஒத்துவர வேண்டும். 30 மி.மீ. விட்டமும் 300 மி.மீ. நீளமும் கொண்ட ரன்னர் ஏறத்தாழ 212 மி.லி. கொள்ளும் என்பதால், 2 மி.லி. என்பது ஒரு சதவீத வித்தியாசம்தான்.

கொள்ளளவு ஒத்துவந்தால் காற்றோட்டமும் ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்ச் உள்ள இடம் அருகில் இல்லாவிட்டால், ஒரு வேக்கம் கிளீனரும் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூபும் போதும். ரன்னரின் ஹெட் பக்க வாயில் பொருந்தும்படி துளையிட்ட பலகையில் வேக்கம் கிளீனரின் குழாயை மாட்டி, பலகையில் சிறு துளையிட்டு, யு வடிவில் தொங்கவிட்ட லெவல் டியூபின் ஒரு முனையை அதில் செருகுங்கள். டியூபில் பாதி அளவு வண்ணத் தண்ணீர் இருக்கட்டும். ஒவ்வொரு ரன்னராக மாற்றி மாட்டும்போது, எதில் நீர்மட்ட வித்தியாசம் குறைகிறதோ அதில் காற்று எளிதாகப் போகிறது. வோல்டேஜ் ஏறி இறங்கினால் அளவும் மாறும். எனவே நான்கையும் அளந்த பிறகு முதல் ரன்னரை மறுபடி அளந்து, பழைய எண்ணே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மொத்தத்தையும் திரும்ப எடுக்க வேண்டும். பின்தங்கிய ரன்னரை முன்னேற்றுவதே நோக்கம். நன்றாக இருக்கும் ரன்னரை மேலும் விரிப்பது வித்தியாசத்தை அதிகமாக்கவே செய்யும்.

கழுவி மாட்டுதல்

சுடுதண்ணீரும் சோப்பும் பாட்டில் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, கம்ப்ரெஸர் காற்றை எல்லாத் துளைகளிலும் அடியுங்கள். வேக்கம் துளைகளிலும் கூலன்ட் வழியிலும் ஒளிந்திருக்கும் தூள்தான் பிறகு வால்வு சீட்டிலும் சிலிண்டர் சுவரிலும் கோடு போடுகிறது. வெள்ளைத் துணியை உள்ளே இழுத்து, சாம்பல் நிறம் ஒட்டாத வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

ஃப்ளேஞ்சின் மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்து, 0.10 மி.மீ. ஃபீலர் கேஜ் எங்கும் நுழையவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கேஸ்கெட் புதிதாகவே இருக்க வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்குங்கள். 8 மி.மீ. போல்ட்டுக்கு இவ்வகை இன்ஜின்களில் வழக்கமாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரும். சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணே இறுதியானது. ஹெட்டின் போர்ட்டில் அடைத்த துணிகளை எண்ணி எடுத்துவிட்டீர்களா என்று மாட்டுவதற்கு முன் பாருங்கள். கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழ்களை வெளியேற்றி, சாவியைத் திருப்பி பெட்ரோல் கசிவு இல்லையென்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஐடில் ஏறி நிற்பதும், ஏறி இறங்கி ஊசலாடுவதும் ஏர் லீக்கின் அடையாளங்கள். லீக்கைக் கண்டுபிடிக்க, புகையைச் செலுத்திப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்வது பாதுகாப்பானது. சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் கார்ப் கிளீனரைத் தெளித்துத் தேடும் பழக்கம் தீ விபத்தில் முடியலாம்.

டியூனிங்

மேப் சென்சாரை நம்பி ஓடும் இன்ஜினில், ஒவ்வொரு ஆர்.பி.எம்.முக்கும் சிலிண்டர் எவ்வளவு நிரம்பும் என்பதை இ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தன்னிடமுள்ள அட்டவணையிலிருந்து ஊகிக்கிறது. நீங்கள் ரன்னரைத் திருத்தியது அதற்குத் தெரியாது. சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் திருத்திக்கொள்ளும். முழு ஆக்சிலரேட்டரில் அந்தத் திருத்தம் நடப்பதில்லை என்பதால், காற்று கூடிய அளவுக்குப் பெட்ரோல் கூடாமல் கலவை மெலிந்து, நாக்கிங்கும் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும் ஓசை) அதிக வெப்பமும் வரலாம். வைட்பேண்ட் சென்சார் மாட்டி, முழு ஆக்சிலரேட்டரில் லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதத்தின் அளவு; 1க்குக் கீழே என்றால் பெட்ரோல் மிகுதி) 0.86 முதல் 0.90 வரை நிற்கிறதா என்று டைனோவில் பாருங்கள். அதற்கு மேல் போனால் இ.சி.யு.வின் அட்டவணையை மாற்றி ரீமேப் செய்யும்வரை மேல் ஆர்.பி.எம்.மைத் தொடக் கூடாது.

சாலையில் ஓடும் வண்டிக்கு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. புகைச் சான்றிதழுக்கான அளவையும் வண்டி தாண்டக் கூடாது. பந்தயத்துக்குத் தயார்செய்கிறீர்கள் என்றால், இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் போன்ற பந்தயத் தடங்களில் இறங்குவதற்கு முன் உங்கள் பிரிவுக்கான விதிகளைப் படியுங்கள். உற்பத்தி நிலையிலேயே ஓட வேண்டிய பிரிவுகளில் மேனிஃபோல்டின் உட்புறத்தைத் தொட்டதே தகுதிநீக்கத்துக்குக் காரணமாகலாம்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு, இன்ஜின் குளிர்ந்த நிலையில் மேனிஃபோல்டு போல்ட்டுகளின் இறுக்கத்தை மறுபடி சரிபார்த்து, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வையுங்கள். நான்கும் ஒரே வெளிர் பழுப்பு நிறத்தில் இருந்தால் ரன்னர்கள் சமமாகியிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டரின் கேஸ்கெட் இணைப்பையும் இன்ஜெக்டரின் ஓ-ரிங்கையும் முதலில் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்த பிறகே ரன்னரைச் சந்தேகிக்க வேண்டும்.